வேலிக்குள் நின்ற காகிதப்பூவும் வேலி தாண்டிய உண்ணிச்செடியும்: பாலகாட் நோக்கில் ஒரு தோட்ட வரலாறு

தோட்டத்துக்கு எந்தச் செடி உகந்தது என்ற கேள்வியைத் தோட்டக்கலைக் கையேடுகள் நிறம், நீர்த்தேவை, கவாத்து ஆகிய மூன்று அளவைகளால் விடையிறுத்து முடித்துவிடுகின்றன. வரலாற்றாய்வுக்கு அவ்வளவு போதாது. தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வழியாக இந்தியாவுக்கு வந்த இரண்டு பல்லாண்டுப் பூச்செடிகள், ஒரே வகையான தோட்டத்தில், ஒரே வகையான மனிதரால், ஒரே நோக்கத்துக்காக நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் வீட்டு வாயிலில் அழகுச்செடியாக நிற்கிறது. மற்றொன்று நாட்டின் காடுகளில் ஒன்றரை இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவி, வனத்துறையின் ஒழிப்புப் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது. முன்னது காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா. பின்னது உண்ணிச்செடி எனப்படும் லண்டானா. இவ்விரண்டின் வரலாற்றையும் கோலார் தங்கவயலின் வடமுனையான பாலகாட்டை நிலைக்களமாகக் கொண்டு ஒப்பிடும்போது, 'அழகுச்செடி', 'களை' என்னும் பெயர்கள் செடிகளின் இயல்பிலிருந்து மட்டும் பிறக்கவில்லை என்பது புலனாகும். நிலத்தை யார் எவ்வாறு கையாண்டார்கள் என்பதும் அப்பெயர்களில் அடங்கியிருக்கிறது.

1. மேட்டு நிலம்

பாலகாட் என்ற சொல்லே ஒரு நிலவியல் குறிப்பு. பாரசீகத்தில் 'பாலா' என்பது மேல் என்று பொருள்படும். பீசப்பூர் ஆட்சியில் கோலார், ஓசகோட்டை, பெங்களூர், சிரா ஆகிய பகுதிகள் கர்நாடக பாலகாட் எனப்பட்டன. கணவாய்களுக்கு மேலுள்ள நாடு என்பது கருத்து. அதற்குக் கீழே ஆற்காட்டுச் சமவெளியை உள்ளிட்ட தாழ்நிலம் பாயின்காட் என்று வழங்கியது. தங்கவயலின் ஐந்து பெருஞ்சுரங்கங்களான மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் ஆகியவை தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு அடுத்தடுத்து அமைந்தன. வடகோடிச் சுரங்கம் அப்பழைய சொல்லைத் தன் பெயராகத் தாங்கியது.

அயர்லாந்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் மைக்கேல் லவெல் 1870களின் தொடக்கத்தில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றதும், 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் களத்தில் இறங்கியதும் பலரும் அறிந்த செய்திகள். அதன்பின் வட ஆற்காடு, சேலம் முதலிய தாழ்நில மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் உழைப்பாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், பாயின்காட்டிலிருந்து பாலகாட்டுக்கு ஏறிவந்தனர். இக்குடியேற்றத்தின் உழைப்பு வரலாற்றை ஜானகி நாயர் 'மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்' (1998) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தொழிலாளர்க்கு நெருக்கமான குடிசை வரிசைகளும், ஐரோப்பிய அலுவலர்க்குச் சுற்றுவெளியுடன் கூடிய பங்களாக்களும், குழிப்பந்தாட்டத் திடலும், மன்றமும் என நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 'சிறிய இங்கிலாந்து' என்று பின்னர் புகழப்பட்டது இவ்விரண்டில் ஒரு பாதி மட்டுமே.

அந்தப் பாதியின் அடையாளம் தோட்டம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு 70 முதல் 75 சென்டிமீட்டர் மழை மட்டுமே பெறும் செம்மண் பாறைநிலம் அது. அங்கே இங்கிலாந்தின் புல்வெளியையும் பருவப் பூக்களையும் நிலைநிறுத்துவது என்பது நீரையும் கூலியையும் இடைவிடாது செலவிடுவது. பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தங்கவயலுக்கு நீர் கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தகைய நிலத்தில், ஒருமுறை நட்டால் பல்லாண்டு நின்று, குறைந்த நீரில் மிகுதியாகப் பூக்கும் செடி தோட்டக்காரர்க்கு வரம். காகிதப்பூவும் உண்ணிச்செடியும் அந்த வரத்தை ஒருங்கே அளித்தன.

2. இரு வருகைகள்

1767இல் லூயி அந்துவான் தெ பூகன்வில்லின் உலகச் சுற்றுப் பயணக் கப்பல்கள் ரியோ டி ஜெனிரோவில் நங்கூரமிட்டபோது, உடன்சென்ற தாவரவியலார் பிலிபேர் கொமர்சோன் காகிதப்பூவை ஐரோப்பிய அறிவியலுக்காகத் திரட்டினார். அவருடைய உதவியாளராக ஆணுடையில் பயணித்த ழான் பாரே என்னும் பெண்ணே கள வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் என்று இன்று கருதப்படுகிறது; உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவரும் அவரே. செடியோ கப்பல் தலைவரின் பெயரைப் பெற்றது. 1789இல் ழுசியே தம் நூலில் இப்பேரினத்தை வெளியிட்டார். இந்தியாவுக்கு அது 1860ஐ ஒட்டிக் கல்கத்தா வழியாக வந்தது.

உண்ணிச்செடி அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தர் வழியாக ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்த அதற்கு, 1753இல் லின்னேயசு 'லண்டானா கமாரா' என்று பெயரிட்டார். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செடிப்பண்ணைகள் வெவ்வேறு சிற்றினங்களைக் கலந்து நூற்றுக்கணக்கான வகைகளை உருவாக்கின. மஞ்சளாக விரிந்து, செம்மஞ்சளாகி, சிவப்பாக முதிரும் பூங்கொத்து அன்றைய வாங்குவோரை ஈர்த்தது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அது 1809ஐ ஒட்டி வந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன. அதன்பின் ஒரே மையத்திலிருந்து அது பரவவில்லை. பாளையங்கள், மலைவாழிடங்கள், தோட்டப் பயிர் எல்லைகள் எனப் பல இடங்களில் பல முறை நடப்பட்டது. இந்தியாவில் உண்ணிச்செடியின் பரவலை ஆராய்ந்த ஆர். கண்ணன், சார்லி ஷாக்கில்டன், ஆர். உமா சங்கர் ஆகியோரின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரை இப்பன்முக வருகையை எடுத்துக்காட்டுகிறது.

தங்கவயல் அமைந்த மைசூர் நாட்டில் தோட்டக்கலையின் மையம் பெங்களூரின் லால்பாக். 1874 முதல் 1908 வரை ஜான் கேமரனும், அதன்பின் 1932 வரை ஜி. எச். கிரும்பீகலும் அதன் கண்காணிப்பாளர்களாக இருந்தனர். தங்கவயல் வளர்ந்து உச்சம் தொட்ட காலமும் இவ்விருவர் காலமும் ஏறத்தாழ ஒன்றே. அயல்நாட்டுச் செடிகளைத் தருவித்து, பழக்கி, பெருக்கி, நாட்டின் பிற பகுதிகளுக்கு வழங்குவதே அத்தோட்டத்தின் பணியாக இருந்தது. 1894இல் மாரிக்குப்பம் வரை கிளை இருப்புப்பாதை நீண்டபின், பெங்களூரின் தோட்டச் சுவை தங்கவயலுக்கு ஒருநாள் தொலைவு கூட இல்லை.

3. பார்ப்பதற்கான பூ

இவ்விரு செடிகளும் தமிழர் மலர்வழக்கில் இடம்பெறாத விதம் தனியே நோக்கத்தக்கது. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பட்டியலிடுகிறது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இவ்விரண்டும் அதில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் புதுவரவு என்பது மட்டும் காரணமன்று. அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த துலுக்கச் சாமந்தி மாலையிலும் வழிபாட்டிலும் எளிதில் இடம்பிடித்துவிட்டது. காகிதப்பூவுக்கும் உண்ணிப்பூவுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. முன்னதற்கு மணமில்லை, தொடுத்தால் நாரில் நிற்பதில்லை. பின்னதன் இலையைக் கசக்கினால் எழும் கார நெடி கூந்தலுக்கு ஒவ்வாதது.

தமிழ்ச் சூழலில் பூ என்பது பெரிதும் பறிப்பதற்கும், தொடுப்பதற்கும், சூடுவதற்கும், சாத்துவதற்கும் உரியது. செடியிலேயே விட்டுவைத்துத் தொலைவிலிருந்து நோக்குவதற்கான பூ என்ற கருத்தைப் பரவலாக்கியது குடியேற்ற ஆட்சிக்காலத் தோட்டம். காகிதப்பூ என்னும் தமிழ்ப்பெயரில் அவ்வேறுபாடு பதிவாகியுள்ளது. பூப்போல் இருக்கிறது, ஆனால் காகிதம் என்று மக்கள் சொன்னார்கள். தாவரவியலும் அதையே உறுதிப்படுத்துகிறது. நிறம் காட்டுபவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றின் நடுவே வெண்மையான சிறு குழலாக நிற்பது.

உண்ணிச்செடி வேறு வழியில் மக்கள் வாழ்வுக்குள் நுழைந்தது. ஆடுமாடு மேயாத முட்செடி என்பதால், கள்ளியும் கிளுவையும் நொச்சியும் நின்ற இடங்களில் அது வேலியாயிற்று. கருநீலக் கனிகளைச் சிற்றூர்ச் சிறார் பறித்துத் தின்றனர். காய்ந்த குச்சி அடுப்புக்கு உதவியது. தோட்டத்தில் அலங்காரமாக வந்த செடி, தோட்டத்துக்கு வெளியே பயன்பாட்டுப் பொருளாக மாறியது. அதன் பரவலில் பறவைகளுக்கு மட்டுமல்லாமல் இந்த வேலிப் பயன்பாட்டுக்கும் பங்குண்டு.

4. விதையும் பதியனும்

இரண்டின் பாதைகளும் பிரிந்த இடம் எது? இதற்குத் தெளிவான விடையைத் தந்தவை 1960, 70களில் இலக்னோவில் நடந்த மரபணுவியல் ஆய்வுகள். வியப்புக்குரிய செய்தி என்னவெனில், இரு செடிகளையும் ஆராய்ந்தவர்களுள் தலைமையானவர் ஒருவரே: தேசியத் தாவரவியல் தோட்டத்தின் டி. என். கோஷூ. 1967இல் உண்ணிச்செடியின் பன்முக இனப்பெருக்கம் குறித்தும், 1975இல் சகக் கலைஞர்களான அறிவியலார் இருவருடன் இணைந்து பயிரிடப்படும் காகிதப்பூ வகைகளின் குரோமோசோம்கள் குறித்தும் அவர் எழுதினார். பின்னாளில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் துறைக்கு முதற் செயலாளராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

காகிதப்பூவின் அடிப்படை வகைகளில் குரோமோசோம் எண்ணிக்கை 34. தோட்டத்தில் பெயர்பெற்ற வகைகளுள் பல, வெவ்வேறு சிற்றினங்களின் கலப்பால் பிறந்தவை. அவற்றுள் 51 குரோமோசோம் கொண்ட மும்மடியங்களும் உண்டு. கலப்பு அவற்றுக்கு நிறத்தைக் கொடுத்து வளத்தைப் பறித்தது. மகரந்தம் பெரிதும் மலடு, விதை அரிது. எனவே அச்செடி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல மனிதக் கை தேவைப்பட்டது. குச்சி வெட்டி நட வேண்டும். வேர்விடத் தயங்கும் வகைகளுக்கு விண்பதியம் கட்ட வேண்டும். 1910இல் கொலம்பியாவின் கார்த்தகேனாவிலிருந்து திரினிதாத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட 'மிசஸ் பட்' என்னும் செந்நிற வகை, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் உலகின் வெப்பமண்டலத் தோட்டங்களெங்கும் பரவியது. அப்பயணம் முழுவதும் குச்சிகளாகவும் பதியன்களாகவும் நடந்தது. அதன் கிளையில் கல்கத்தாவில் தோன்றிய மொட்டுத்திரிபே ஒரே செடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் காட்டும் 'மேரி பால்மர்'. அத்தகைய திரிபுகளைக் கண்டறிந்து, காத்து, பெருக்கியவர்களுள் தோட்டத்தில் நாள்தோறும் நின்ற மாலிகளின் பங்கு பெரிது. வகைகளின் பெயர்ப்பட்டியலில் அவர்கள் தென்படுவது அரிது.

உண்ணிச்செடியில் கலப்பு எதிர்த்திசையில் வேலை செய்தது. அதன் குரோமோசோம் எண்ணிக்கை 22, 33, 44, 55, 66 எனப் பல மடங்குகளில் காணப்படுகிறது. மும்மடியங்கள்கூட விதை தரும் இயல்பைக் கோஷூ குழுவினர் பதிவு செய்தனர். பூவின் நிறமாற்றத்துக்கும் ஒரு பணி உண்டு. மஞ்சள் நிறப் பூவே தேனும் மகரந்தமும் உடையது; அதைப் பூச்சிகள் நாடுகின்றன. மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ சிவந்து, கொத்தின் கவர்ச்சியை மட்டும் கூட்டி நிற்கிறது. தில்லியில் கீதா மாதுரும் எச். ஒய். மோகன்ராமும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, பேன்பூச்சி போன்ற நுண்பூச்சிகளும் இந்நிறமாற்றத்தைக் கொண்டே பூவைத் தேர்வதைக் காட்டியது. கனியைக் கொண்டைக்குருவியும் நாகணவாயும் தின்று விதையைத் தொலைவில் எச்சமிட்டன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது. கால்நடை தின்றால் இலையிலுள்ள லண்டடீன் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்கி மஞ்சள்நோயையும் வெயில் ஒவ்வாமையையும் உண்டாக்கியது. ஆகவே அனுபவமுள்ள மாடு அதைத் தீண்டவில்லை.

ஐரோப்பியப் பண்ணைகள் எந்தப் பண்புகளை விரும்பித் தேர்ந்தனவோ, அதாவது ஆண்டு முழுதும் பூத்தல், வறட்சி தாங்கல், வெட்டினால் தழைத்தல், பல நிறம் காட்டல் ஆகியவை, அவையே தோட்டத்துக்கு வெளியே அச்செடியை வெல்லமுடியாததாக்கின. காகிதப்பூவிலும் இப்பண்புகள் அனைத்தும் உண்டு. விதை மட்டும் இல்லை.

5. சட்டமும் பூச்சியும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் தென்னிந்தியாவில் உண்ணிச்செடி தோட்டப்பொருள் என்ற நிலையிலிருந்து ஆட்சிச் சிக்கல் என்ற நிலைக்கு மாறியது. குடகில் கைவிடப்பட்ட காப்பித் தோட்டங்களில் அது அடர்ந்து பரவியது. 1914இல் அங்கே தீங்குக்களை ஒழுங்குமுறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சார்ந்து பணியாற்றிய பூச்சியியலார் ஒய். இராமச்சந்திர ராவ், உண்ணிச்செடியைக் கட்டுப்படுத்தக்கூடிய உள்நாட்டுப் பூச்சிகள் உண்டா என்று 1910களின் பிற்பகுதியில் நாடு முழுதும் தேடினார். 1920இல் வெளியான அவரது அறிக்கை, அச்செடியில் 148 பூச்சியினங்களைக் கண்டும், அதை அடக்கவல்லதாக ஒன்றுமில்லை என்று முடித்தது. 1921இல் அவாய்த் தீவிலிருந்து விதையைத் தின்னும் ஈ ஒன்று வரவழைக்கப்பட்டது. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டெலியோனீமியா என்னும் வலைச்சிறகுப் பூச்சி டேராடூனில் சோதிக்கப்பட்டது. தேக்கையும் தாக்கக்கூடும் என்ற அச்சத்தால் வளர்ப்புகள் அழிக்கப்பட்டன. ஆயினும் அது தப்பி வெளியேறிப் பரவியது. செடியைப் போலவே அதன் பகையும் வேலி தாண்டியது.

மைசூர் நாட்டுக்கு இச்சிக்கலில் தனியான பொருளியல் அக்கறையும் இருந்தது. சந்தனம் அரசின் தனியுரிமை வருவாய். 1899இல் குடகில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட சந்தனக் கூர்நுனி நோய் அவ்வருவாயை அச்சுறுத்தியது. உண்ணிப் புதர் சந்தனக் கன்றுக்கு நிழலும் மறைவும் தரும் செவிலித்தாய் என்றோர் எண்ணமும், அதுவே நோய்க்குத் துணைபோகிறது என்றோர் ஐயமும் ஒருங்கே நிலவின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வரதராச ஐயங்கார் 1933இல் 'கரண்ட் சயின்ஸ்' முதல் தொகுதியிலேயே உண்ணிச்செடிச் சிக்கல் குறித்துத் தனிக் கட்டுரை எழுதியது, அக்கேள்வி அன்று எத்துணை உயிர்ப்புடன் இருந்தது என்பதற்குச் சான்று.

இதே ஆண்டுகளில் காகிதப்பூ மலர்க்காட்சிகளில் பரிசு பெற்றுக்கொண்டிருந்தது. விடுதலைக்குப் பின் கோதுமை மரபியலார் பி. பி. பால் அதன் வகைகளை ஆராய்ந்தும் உருவாக்கியும் நூலெழுதினார். உலக அளவில் காகிதப்பூ வகைகளின் பெயர்ப்பதிவு 1966 முதல் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. ஒன்றுக்குச் சட்டமும் மற்றொன்றுக்குப் பதிவேடும் அமைந்த காலம் ஒன்றே.

6. சுரங்கம் திறந்துவைத்த நிலம்

உண்ணிச்செடி அடர்நிழலில் செழிக்காது; திறந்த, கலைக்கப்பட்ட நிலத்தைத் தேடும். ஆகவே அதன் பரவலை விதையின் ஆற்றலால் மட்டும் விளக்கிவிட இயலாது. நிலத்தைத் திறந்துவைத்தது யார் என்ற கேள்வியும் வேண்டும். கோலார்ப் பகுதியில் அக்கேள்விக்கு விடைகள் வெளிப்படை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வரும்வரை சுரங்கத்தின் நீராவிப் பொறிகளுக்கு விறகும் நிலக்கரியும் தேவைப்பட்டன. சுற்றுவட்டக் குறுங்காடுகள் விறகாயின. அகழ்ந்த கல், சாலை, இருப்புப்பாதை, குடியிருப்பு ஆகியவை எஞ்சிய நிலத்தைக் கலைத்தன. மரம் வெட்டப்பட்ட குன்றுச்சரிவில் வெயில் படும்போது முதலில் எழக்கூடியவற்றுள் உண்ணிச்செடி ஒன்று. இங்கு களை, காரணம் என்பதைவிட விளைவு என்று கொள்வதே பொருந்தும்.

இதற்கு அண்மையிலேயே ஓர் ஒப்புமை உண்டு. பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் சருகுக்குத் தீயிடும் வழக்கத்தை 'தரகு பெங்கி' என்றனர். 1974இல் அம்மலை காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன்பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது சோலிகர் கூற்று. அவர்களுடைய அறிவை முதன்மைச் சான்றாகக் கொண்டு 2012இல் வெளிவந்த ஆய்வு, களைப்பரவலை நிலமேலாண்மை வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது என்பதை உணர்த்தியது.

தங்கவயலின் மற்றொரு நிலவடிவம் சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய நுண்மணல், ஒரு நூற்றாண்டில் 3 கோடி டன்னுக்கும் மேல் குவிந்தது. மண்ணுயிர் இல்லாத, உப்பும் அமிலமும் மிகுந்த அம்மேடுகளில் எச்செடியும் எளிதில் வேரூன்றுவதில்லை. காற்றுக்காலத்தில் அப்பொடி குடியிருப்புகளின் மேல் படிகிறது. கூலி வரிசைகளில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் அதைச் சுவாசிப்போர்.

1956இல் மைசூர் அரசின் கைக்கும், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கைக்கும் மாறிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பல்லாயிரவர் வேலை தேடி நாள்தோறும் விடியலில் பெங்களூர்த் தொடர்வண்டியில் ஏறுவது வழக்கமாயிற்று. நிறுவனம் நின்றபோது தோட்டங்களுக்கான நீரும் மாலியும் நின்றன. இங்கிலாந்துப் பருவப்பூக்கள் ஒரு கோடையைத் தாங்கா. புல்வெளி இரண்டாம் கோடையைத் தாங்காது. பல்லாண்டுச் செடிகளின் பொருள் அத்தருணத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது: பேணுவோர் போனபின்பும் நிற்பவை அவை. ஆனால் நிற்கும் முறையில் வேறுபாடுண்டு. பேணலற்ற காகிதப்பூ தன்னிடத்திலேயே முட்புதராக உயர்ந்து, பற்றுக்கோடு கிடைத்தால் கூரை ஏறும். அதன் எல்லை அதன் கிளைநீளமே. பேணலற்ற உண்ணிச்செடிக்கு அத்தகைய எல்லை இல்லை.

7. இரண்டையும் எடைபோடல்

இவ்வரலாற்றின் வெளிச்சத்தில் வறண்ட மேட்டுநிலத் தோட்டத்துக்கு இரண்டையும் ஒப்பிடலாம்.

நீர்: இரண்டும் வறட்சி தாங்குபவை. காகிதப்பூவுக்கு மிகுநீர் தீங்கு. நீர் மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறையும். வேர் நிலைத்தபின் சற்றே வாடவிட்டு நீர் பாய்ச்சுவதே பூக்கும் வழி.

வெயில்: இரண்டும் முழு வெயிலை விரும்புவன. நிழலில் காகிதப்பூ பூக்காமல் கொடியாக நீளும்.

கவாத்து: காகிதப்பூ புதுக்கிளையில் பூப்பதால் பூப்பருவம் முடிந்ததும் வெட்ட வேண்டும். உண்ணிச்செடி எப்போது வெட்டினாலும் தழைக்கும். இதுவே அதை ஒழிப்பதில் உள்ள இடரும் ஆகும்.

உயிரினம்: இங்கு உண்ணிச்செடியின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் திரள்கின்றன. கனி பறவைக்கு உணவாகிறது. காகிதப்பூ நிறத்தால் நிறைந்தும் உணவால் வறியது. தோட்டக்காரர் உண்ணிச்செடியை விரும்பியதற்கு வண்ணத்துப்பூச்சியும் ஒரு காரணம். எனினும் தோட்டத்துக்குள் பல பூச்சிகளை அழைக்கும் அதே செடி, காட்டுக்குள் புல்லையும் இளங்கன்றுகளையும் நெருக்கி மேய்ச்சல் விலங்குகளின் உணவைக் குறைக்கிறது.

கால்நடை: ஆடுமாடு வளர்க்கும் வீடுகளின் அருகே உண்ணிச்செடியின் நஞ்சு மெய்யான இடர். வறட்சிக்காலத்தில் வேறு பசுமை இல்லாதபோது, பழக்கமில்லாத கன்றுகள் அதை மேய நேரிடும்.

விதை: ஒப்பீட்டின் தீர்ப்பு இங்கேதான். விதையற்ற உண்ணி வகைகள் இன்று செடிப்பண்ணைகளில் விற்கப்படுகின்றன. ஆனால் மும்மடியங்களும் விதை தந்த இலக்னோ அனுபவத்தை நோக்க, 'விதையற்றது' என்ற விளம்பரத்தைச் சோதனையின்றி ஏற்பதற்கில்லை. மகரந்தம் மட்டும் வளமுடையதாக இருந்தாலும் அது சுற்றிலுமுள்ள காட்டு உண்ணியுடன் கலக்கக்கூடும். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்குக் காகிதப்பூவே பரிந்துரைக்கத்தக்கது. வண்ணத்துப்பூச்சிக்காகச் செடி வேண்டுவோர்க்கு எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை முதலிய இம்மண்ணின் பல்லாண்டுச் செடிகள் உள்ளன. அவை வறட்சிக்கும் அஞ்சாதவை.

8. களையிலிருந்து கைவினைக்கு

பரவிவிட்ட உண்ணிச்செடியை ஒழிப்பதா, பயன்கொள்வதா என்ற விவாதம் இன்று இருதிசைகளிலும் நடக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கர்நாடகத்தின் மாதேசுவரன் மலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உண்ணிக்கோலைக் கொண்டு மூங்கிலுக்கும் பிரம்புக்கும் மாற்றாக இருக்கை, கூடை முதலியன செய்யப்படுகின்றன. நீலகிரியின் கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணிக்கோலால் முடைந்த முழுவுருவ யானைகள் 2021இல் இலண்டன் பூங்காக்களிலும், 2024இல் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஐரோப்பியத் தோட்டத்திலிருந்து அழகுச்செடியாகப் புறப்பட்டது, இரு நூற்றாண்டு கழித்துக் கலைப்பொருளாக அங்கே திரும்பியது. இதில் நிறைவுக்கு இடமுண்டு. கணக்குத் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள இடமில்லை. கைவினைக்காக வெட்டப்படும் அளவு, பரவியுள்ள அளவின் ஒரு சிறு துளியே.

தங்கவயலைப் பொறுத்தவரை இவ்வரலாறு ஒரு நடைமுறைக் கேள்வியாக முன்னிற்கிறது. சயனைடு மேடுகளைப் பசுமையாக்கி, பறக்கும் பொடியை அடக்க வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் தேவை. வறண்ட, நச்சு மண்ணில் எது முளைத்தாலும் நல்லதே என்னும் அவசரம் இயல்பானது. உண்ணிச்செடியும் ஒருகாலத்தில் எங்கும் முளைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வேலிகளில் நடப்பட்டதுதான். மேடுகளுக்கான எந்தச் செடித்தேர்வும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: அதன் விதை எங்கே போகும், அதன் இலையை எந்தக் கால்நடை மேயும், முதல் சில ஆண்டுகள் அதற்கு நீரூற்றப் போகிறவர் யார், அவருக்குக் கூலி உண்டா? பங்களாத் தோட்டங்களின் காலத்தில் இக்கேள்விகள் கேட்கப்படவில்லை. முதல் இரண்டின் விடையைக் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் தந்துவிட்டன. மூன்றாவதன் விடையைத் தங்கவயல் உழைப்பாளர் குடும்பங்களின் நினைவுகளில்தான் தேட வேண்டும். தோட்டத்தில் வேலைசெய்த மாலிகளின் வாய்மொழி வரலாறு, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் வரலாற்றைப் போலவே தொகுக்கப்பட வேண்டிய ஆவணம். அத்தலைமுறை முதுமையடைந்துவிட்டது என்பதால் அப்பணியைத் தள்ளிப்போடுவதற்கில்லை.